கரையில் நின்றவனின் பங்கு

1

கதவில் இருக்கும் பெயரை எடுப்பதும் என் வேலைதான்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில், இயற்பியல் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறேன். அங்கே ஒவ்வொரு லேப் கதவின் பக்கத்திலும் ஒரு அலுமினியச் சட்டம் உண்டு. உள்ளே வேலை செய்கிறவர்களின் பெயர்கள் தனித்தனிக் காகிதத் துண்டுகளாக அதில் செருகியிருக்கும். ஆள் போய்விட்டால் கட்டடப் பொறுப்பாளர் வந்து சொல்வார். நான் அந்தத் துண்டை உருவுவேன். மற்ற பெயர்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி வைப்பேன். இங்கே காகிதக் குப்பை தனி. அதில் போடுவேன். ஒரு நிமிஷ வேலை.

இரண்டாம் மாடியில் ஒரே கதவிலிருந்து இரண்டு பெயர்களை எடுத்திருக்கிறேன். முதலில் எடுத்தது ஜெபின் என்கிற பையனின் பெயர். களியக்காவிளைக்காரன். இரண்டாவது பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்றவன். என் மனைவி ஸ்டெல்லா எழுத்துப் பிழை பார்த்துத் தந்தாள்.

2

நாங்கள் இனயம், குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அப்பா கடல் தொழில், நானும் கடல் தொழில். ஸ்டெல்லா நர்ஸ் படித்தவள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று அவள் முதலில் வந்தாள். 2004இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் வந்தேன். அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. நான் இங்கே டி.வி. முன்னால் நின்றேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜெர்மன் பேச்சை நான் கட்டட வேலைக்காரர்களிடம் கற்றேன். அவர்கள் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள். பல்கலைக்கழக வேலை கிடைத்த பிறகு பேராசிரியரையும் நீ என்றே பேசினேன். "நீ காலை எடு, துடைக்கணும்" என்பேன். அவரும் காலை எடுப்பார். ஒரு வருஷம் ஆன பிறகுதான் என் மகள் லிஜி கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். மறுநாள் மரியாதையாகப் பேசினேன். "என் மேல் கோபமா?" என்று அவர் கேட்டார். பழையபடி நீ என்றே விட்டுவிட்டேன்.

லேசர் இருக்கும் அறைக்குள் எங்களுக்கு அனுமதி இல்லை. கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் கைப்பிடியைத் தொடவே கூடாது. கண் போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறை அதற்கு வகுப்பு வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். குப்பைக் கூடையை உள்ளே இருப்பவர்களே வெளியில் வைப்பார்கள். வாசலில் பசை தடவிய பாய் ஒன்று கிடக்கும். செருப்புத் தூசி உள்ளே போகாமல் பிடித்துக்கொள்ளும். மேல்தாள் அழுக்கானதும் அதை உரித்துவிட வேண்டும். அடியில் புதிய தாள் இருக்கும். அது என் பொறுப்பு.

பிள்ளைகள் இரண்டு பேர். சின்னவன் ஆறு வயதில் வந்தவன். அவன் என்னிடம் ஜெர்மனில் பேசுவான், நான் தமிழில் பதில் சொல்வேன். விஷயம் நடந்துவிடும். வேறு எதுவும் நடக்காது. லிஜி பதினாலு வயதில் வந்தாள். அதனால் அவளுக்குப் பேச்சு மிச்சம் இருக்கிறது. அவள் இதே கட்டடத்தில்தான் படிக்கச் சேர்ந்தாள். முதல் வாரம் கூட்டுக்காரிகளோடு வராந்தாவில் வந்தவள் என்னைக் கண்டு நின்றாள். என் அப்பா என்று ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் கை நீட்டினார்கள். நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தேன்.

3

ஜெபினை நான் கண்டுபிடித்தது காதால்தான். இரண்டாம் மாடி ஜன்னல் பக்கம் நின்று ஒரு பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, மோட்டருக்க சத்தம் சரியில்லண்ணா டாங்குக்கு வெள்ளம் ஏறாது. அப்பாட்ட சொல்லி ஆள விளிக்கச் சொல்லு." அவன் முடிக்கும் வரை அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"மார்த்தாண்டமா?" என்றேன்.

அவன் என்னையும் பார்த்தான், என் துடைப்பத்தையும் பார்த்தான். "களியக்காவிளை. நீங்க?"

"இனயம்."

"மாமா, நல்ல மீன் தின்னு எத்தன மாசம் ஆச்சு தெரியுமா?"

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தான். அவன் புராட்டஸ்டன்ட், நாங்கள் கத்தோலிக்கர். ஸ்டெல்லா அதைச் சொல்லி வம்பிழுப்பாள். "உங்க கோயிலுல பிரசங்கம் முடியும்போ கறி ஆறிப் போவும்லா?" அவன் விடமாட்டான். "உங்க கோயிலுல இரிக்கதும் எழும்புததும் முட்டுகுத்துததும். பூசை முடிஞ்சா தைலம் தேய்க்கணும் அத்த."

அவன் என்ன செய்கிறான் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு இரும்புப் பாத்திரம் மாமா. கண்ணாடி ஜன்னலு வெச்சது. அதுக்குள்ள இருக்க காத்த ஒக்க உறிஞ்சி எடுத்திருவோம். பிறகு ஒரு உலோகத்துக்க ஆவிய கொஞ்சம் விடுவோம். அதுக்க அணு ஒக்க பாஞ்சிட்டு கெடக்கும். ஆறு பக்கத்துல இருந்தும் லேசர் வெளிச்சம் அடிச்சு அத நிப்பாட்டணும்."

"நிப்பாட்டி?"

"நிப்பாட்டுனாத்தான் அளக்க முடியும்."

"அளந்து?"

"அளந்து எழுதுவோம்."

"விக்க முடியுமா?"

"முடியாது."

"சரி, தின்னு."

அந்தப் பாத்திரத்தை அவன்தான் கட்டினான். வந்தபோது அந்த அறையில் வெறும் மேஜைதான் இருந்தது. பாத்திரத்தில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓட்டை இருந்து காற்று ஏறியது. அதைத் தேடி மாசக்கணக்கில் நடந்தான். முகம் கறுத்துப் போயிற்று. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த அன்று சிவப்பு விளக்கு எரியவில்லை. கதவைத் திறந்து என்னை வாசலில் நிற்க வைத்துக் காட்டினான். பாத்திரத்தை முழுவதும் அலுமினியத் தாளால் சுற்றிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கெழங்கு சுடுத மாதிரி இருக்கு" என்றேன்.

"ரெண்டு ஆழ்ச்ச, பதினாலு நாளு, வேவணும் மாமா. ஒட்டியிருக்க ஈரம் ஒக்க போவணும்."

இன்னொரு தரம் பாத்திரத்தின் மேல் இருந்த செம்புக் கம்பிச் சுருள் கருகிப் போயிற்று. புதிதாகச் செய்ய ஆளைத் தேடாமல் அவனே வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுற்றினான். நான் கம்பி உருளையைப் பிடித்துக் கொடுத்தேன். வலைக்கு நூல் சுற்றும்போது ஒருவர் பிடிப்பது மாதிரித்தான். அவன் வாயால் எண்ணிக்கொண்டே சுற்றினான்.

அதற்குள் லிஜியும் படிப்பை முடித்து அதே லேபில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் எப்போதும் வாக்குவாதம். எதைச் செய்தாலும் ஏன் என்று அவன் கேட்பான். அவளுக்கு அது பிடிக்காது.

பாத்திரம் தயாரான சமயம் அவனுக்கு போன் வந்தது. அவன் அப்பா களியக்காவிளையில் பைப்பும் சாமானும் விற்கும் கடை வைத்திருந்தார். கடையிலேயே விழுந்துவிட்டார். வாதத்தில் உடம்பு ஒரு பக்கம் போய்விட்டது. ஜெபின் ஒரு மாச லீவில் போனான். அவன் ஒரே பையன், ஒரு தங்கச்சி. ஒரு மாசம் நீண்டது.

இங்கே ஒரு சட்டம் உண்டு. ஆறு மாசத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் தங்கும் அனுமதி செத்துப்போகும். நீட்டித் தர வழி உண்டா என்று கேட்க அவன் அனுப்பிய ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். நம்பர் எடுத்துக் காத்திருந்தேன்.

"அவர் நேரில் வர வேண்டும்" என்றார் மேஜையில் இருந்த அதிகாரி அம்மா.

"அவர் வர முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"வர முடியாது என்பதை அவர் நேரில் வந்து சொல்ல வேண்டும்."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில் கட்டடப் பொறுப்பாளர் வந்து சொன்னார். ஜெபின் பெயரை உருவினேன். காகிதக் குப்பையில் போட்டேன்.

4

பிறகு லிஜிதான் அந்தப் பாத்திரத்தை ஓட்டினாள். ஒருநாள் லேசரை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே கம்ப்யூட்டர் திரையில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. நின்றுபோன அணுக்களாம். ஜெபின் கட்டியதில் வந்தது என்றாள். அவளாகவே சொன்னாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அளந்தாள். நல்ல முடிவு வந்தது. அதைப் பேப்பராக எழுதி அனுப்ப வேண்டும். இந்த உலகத்தில் வேலை என்பது அந்தப் பேப்பர்தான். அதில் பெயர் இருந்தால் வேலை செய்தவன். இல்லாவிட்டால் செய்யாதவன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். ஸ்டெல்லா அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். லிஜி சமையலறை மேஜையில் லேப்டாப் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அதுல யாருக்க பேரெல்லாம் வருது மக்கா?" என்று கேட்டேன்.

சொன்னாள். அவள் பெயர் முதலில், கூட வேலை செய்யும் இரண்டு பேர், கடைசியில் பேராசிரியர்.

"ஜெபினுக்க பேரு?"

"கடைசி பக்கத்துல நன்றி சொல்லுவோம். இன்னார் உதவுனாருண்ணு ஒரு வரி. ப்ரொஃபசர் அப்படித்தான் சொன்னாரு."

"அது கறிக்கு மீன். பங்கு இல்ல."

லிஜிக்கு அது விளங்கும். சின்ன வயதில் கடப்புறத்தில் பங்கு வைக்கும்போது என் காலைச் சுற்றி நின்றவள். படிக்கிறவர்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வள்ளத்தில் மீன் விற்ற பிறகு செலவு போக, வள்ளத்துக்கும் வலைக்கும் உள்ளது போக, மிச்சத்தை ஆளுக்குச் சமமாகப் பங்கு வைப்போம். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கக் கை கொடுத்தவனுக்குக் கறி வைக்க ஒரு பிடி மீன் போடுவோம். அவனுக்குப் பங்கு கிடையாது. ஆனால் கூட வருகிற ஆள் சுகமில்லாமல் வீட்டில் கிடந்தால், அவனுக்கும் பங்கு உண்டு. அவன் வீட்டிலிருந்து யார் வந்து நின்றாலும் கொடுத்துவிடுவோம். கேள்வி இல்லை.

லிஜி கையை லேப்டாப்பிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, வள்ளம் செஞ்ச ஆசாரிக்குப் பங்கு உண்டா?"

"இல்ல."

"ஏன்?"

"அவனுக்குக் கூலி குடுத்தாச்சு."

"ஜெபினுக்கும் சம்பளம் குடுத்தாச்சு."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "பதில் சொல்லுங்க. கேட்டது நீங்கதானே."

நான் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன். அந்த நேரம் எனக்குத் தேவைப்பட்டது.

"ஆசாரி வள்ளத்த முடிச்சு குடுத்திட்டு வீட்டுக்குப் போவான். இவன் அதுல கடலுக்குப் போறதுக்குண்ணு செஞ்சவன். போற நேரம் சொகமில்லாம ஆச்சு."

"சொகமில்லாதது அவனுக்க அப்பாவுக்கு."

"ஒரே வீடு தானே."

லிஜி லேப்டாப்பை மூடினாள். பிறகு சொன்னாள். "நீங்க வித்த மீனு கெட்டுப் போயிருந்தா, வீட்டுல படுத்துக் கெடந்தவன்கிட்ட போயி யாராவது சண்டை பிடிப்பாவளா?"

"பிடிக்க மாட்டாவ."

"இதுல பிடிப்பாவ. பேரு போட்டா உள்ள இருக்க ஒவ்வொரு நம்பருக்கும் அவன் பதில் சொல்லணும். அதுக்கு அவன் வாசிச்சு சரிண்ணு சொல்லணும். நான் மெயிலுக்கு மேல மெயில் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. எனக்கு மட்டும் ஆசை இல்லியாப்பா? அவன் அங்க எங்கயாவது ஆராய்ச்சிக்குச் சேரணும்ண்ணா பேப்பர் எங்கண்ணு கேப்பாவ. இது இல்லண்ணா அவன் இஞ்ச இருந்த வருசம் ஒக்க வெறும் வருசம். எனக்குத் தெரியும். ஆனா அவன் வாயத் தொறக்கணும்லா."

அவள் சொன்னது நியாயம். எங்கள் பங்கு வாங்கிக்கொள்கிற பங்கு. இது தூக்கிச் சுமக்கிற பங்கு. இது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

"லீவுக்கு நான் ஊருக்குப் போறேன்லா" என்றேன். "கேட்டுட்டு வாறேன்."

அவள் பேப்பரை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தாள். அதில் எனக்கு விளங்கியது அவள் பெயரும் பக்க நம்பரும்தான்.

5

இனயத்திலிருந்து களியக்காவிளைக்குக் கருங்கலில் ஒரு பஸ், மார்த்தாண்டத்தில் ஒரு பஸ் மாறிப் போக வேண்டும். நெய்மீன் ஒன்று வாங்கிப் பையில் போட்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹைவேயில் லாரி புகைக்குள் கடை இருந்தது. ஜெபின் சரக்கெடுக்க வடசேரிக்குப் போயிருந்தான். அவன் அம்மா கடையில் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மகளுக்க பேப்பருல ஜெபினுக்க பேரையும் போடணும். அதுக்குச் சம்மதம் வேணும்" என்றேன்.

"நல்ல காரியத்துக்குச் சம்மதம் கேக்கணுமா அண்ணா? போடச் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷம். மீனையும் பேப்பரையும் கொடுத்துவிட்டு வெளியே வந்து அங்கேயே நின்று லிஜியைப் போனில் கூப்பிட்டேன்.

"சம்மதம் மக்கா. போட்டுக்க."

"அவன் சொன்னானா?" அவள் குரல் உயர்ந்தது. "வாசிச்சானா?"

"அவன் இல்ல. அவனுக்க அம்மா சொன்னாவ."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, அம்மா பேப்பர வாசிச்சாவளா?"

"அவிய எப்பிடி மக்கா வாசிப்பாவ?"

"அப்போ சம்மதம் யாருக்க சம்மதம்?"

வீட்டிலிருந்து யார் வந்து நின்றாலும் பங்கைக் கொடுத்துவிடுகிற ஊர் எங்களது. அதே புத்தியில் அம்மா சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். அவள் சிரிப்பு போனில் நன்றாகக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். ஜெபின் கடையில் இருந்தான். மெலிந்திருந்தான். ஒருவருக்கு பி.வி.சி. பைப்பை அளந்து அறுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. மீனு கொள்ளாம், நல்ல ருசி. அப்பாவே கேட்டு வாங்கித் தின்னாரு."

உறை கல்லாவுக்கு மேலே காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தது. பிரித்த மாதிரித் தெரியவில்லை.

"வாசிச்சியா?"

"கடையில எங்க மாமா நேரம்?"

பைப் வாங்கியவர் போகும் வரை ஸ்டூலில் இருந்தேன். அவர் போன பிறகும் இருந்தேன். அவன் ரம்பத்தில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினான்.

"மெயில தொறக்கவே இல்ல" என்றான். "தொறந்தா அந்த ரூமு கண்ணு முன்ன வரும். பம்புக்க சத்தம் கேக்கும். பிறகு இந்த பைப்ப அறுக்கதுக்குக் கை வராது. லிஜி நன்றி போட்டுக்கட்டு. அது மதி, போதும்."

"அது கறிக்கு மீன்" என்றேன்.

அவன் மேட்டுக்காரன், கடல் தொழில் தெரியாதவன், அவனுக்கு விளங்கவில்லை. சொல்லிக் கொடுத்தேன். ஆசாரிக் கணக்கையும் லிஜி என்னை மடக்கியதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தான்.

"அவ சொன்னதுதான் சரி மாமா. வாசிக்காம பேரு போட்டா அது களவு."

"வாசி."

"வாசிச்சா கேள்வி வரும்."

"கேளு."

"எனக்க கேள்வி அவளுக்கு முன்னயே பிடிக்காது."

கடையோடு ஒட்டிய வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த அவன் அப்பா ஏதோ கேட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் எனக்குப் புரியவில்லை.

"ஜெர்மனியில சோறு தந்த மாமா" என்று ஜெபின் உள்ளே பார்த்துச் சொன்னான். அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். "உங்களுக்குச் சாயா குடுத்தியாண்ணு ஏசுறாரு."

சாயா குடித்தேன். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் வள்ளத்தில் ஏற்ற முடியாது. ஏறுகிறவன்தான் ஏற வேண்டும். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். உறை ஆணியில்தான் இருந்தது.

6

நான் திரும்பி வந்து சில வாரம் ஆயிற்று. ஒருநாள் லிஜி வீட்டுக்கு வந்து பையை நாற்காலியில் எறிந்தாள்.

"உங்க ஆளு வாயத் தொறந்திட்டான்."

"என்ன சொன்னான்?"

"கேள்வி. நிறைய கேள்வி. அந்தச் செம்புச் சுருள் கருகிப் போச்சுல்லா, அவன் திரும்ப சுத்துனான்லா. அதுக்கு முன்ன பழைய சுருளுக்கு அளந்த நம்பர வெச்சே நான் கணக்கு போட்டிருக்கேனாம். புதுச் சுருள அளக்கவே இல்லியாம்."

"அது சரியா?"

"சரிதான்." அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "திரும்ப அளக்கணும். பாத்திரத்தப் பிரிக்காம அளக்க வேற வழி பாக்கணும். மாசக்கணக்காவும். அதுக்குள்ள வேற நாட்டுக்காரன் போட்டிருவான். அவங்களும் இதையேதான் செய்யுதாவ."

பேராசிரியர் என்னை வராந்தாவில் கண்டபோது நின்றார். "உன் ஊர்க்காரன் நல்ல கேள்வி கேட்கிறான்" என்றார். "கெட்ட நேரத்தில் கேட்கிறான்." கோபமாகச் சொல்லவில்லை. பெருமூச்சு விட்டபடி சொன்னார்.

அந்த மாசங்களில் சனி, ஞாயிறு எங்கள் மேஜையில் லேப்டாப்புக்குள் ஜெபின் இருந்தான். பின்னால் பைப் கட்டு தெரியும். இங்கிலீஷில் தொடங்குவார்கள். சண்டை முற்றினால் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

"நீ அண்ணைக்கே இத சொல்லியிருக்கலாம்லா. போயி ஒரு வருசத்துக்கு மேல ஆன பிறகா சொல்லுவ?"

"நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தேன் பிள்ள."

ஸ்டெல்லா அடுப்பை அணைத்தாள். அடுத்தும் ஜெபின்தான் பேசினான். "சரி, நாளைக்கு எந்த நேரம் அளக்குத? நானும் கூட இருக்கேன்." அடுத்த நாள் கடையில் அவன் அம்மா பைப் விற்றார். அவன் உள்ளே இருந்து இங்கே ஓடும் நம்பரைப் பார்த்தான். கடைக்கு வந்தவர் அரை இஞ்சு எல்போ கேட்ட சத்தம் லேபில் கேட்டதாம்.

அளந்து முடிப்பதற்கு முன்னால் மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் பேப்பரைப் போட்டுவிட்டார்கள். லிஜி அன்று சீக்கிரம் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"முதல்ல கரைக்கு வந்த வள்ளத்துக்குத்தான் வெல" என்றாள். "நீங்க தானே சொல்லுவீங்க."

உண்மை. முதலில் வருகிற வள்ளத்தைச் சுற்றித்தான் வியாபாரிகள் நிற்பார்கள். அடுத்து வருகிறவனுக்கு அதே மீன், அதே உழைப்பு, பாதி விலை. நான் எத்தனையோ முறை இரண்டாவதாக வந்தவன். அந்த நேரம் ஆறுதல் சொல்ல வருகிறவனைப் பிடிக்காது. சோறு போட்டுக் கொடுத்தேன். தின்றாள்.

பிறகு அளவும் முடிந்தது.

"மாறிச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதே நம்பர். ஒண்ணும் மாறல்ல."

"அப்போ இத்தன மாசமும்?"

"முன்ன சரியா இருக்கும்ண்ணு நெனச்சோம். இப்பம் சரிண்ணு தெரியும். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் ஜெபினிடமிருந்து மெயில் வந்தது. லிஜி எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு வரிதான். இனி என் பெயரைப் போடு என்று எழுதியிருந்தான்.

7

பேப்பர் வந்தது. லிஜியின் பெயர் முதலில், அடுத்து ஜெபின் பெயர். பேராசிரியர் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை என்று லிஜி சொன்னாள். அவன் அதைக் காட்டி வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டான். கடையைத் தங்கச்சியின் மாப்பிள்ளை பார்க்கிறார். அவன் அப்பா இப்போதும் கட்டிலில்தான். ஜெபின் மாசம் ஒரு தடவை போன் செய்து, முதலில் என்ன மீன் என்று கேட்பான்.

லிஜிக்குப் பட்டம் கிடைத்தது. இங்கேயே தொடர்ந்து வேலை செய்யப் பேராசிரியர் புதிய திட்டத்துக்குப் பணம் கேட்டிருந்தார். இரண்டாவதாக வந்த வேலைக்கு அது கிடைக்கவில்லை. லிஜி பல இடத்துக்கு எழுதிப் போட்டாள். கனடாவில் கிடைத்தது.

அவள் பெட்டி அடுக்கும்போது நான் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். சின்னவன் கதவில் சாய்ந்து நின்று ஜெர்மனில் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தான். அவன் போன பிறகு சொன்னேன்.

"எனக்க பேச்சக் கேக்காம இருந்தா முதல்ல வந்திருப்ப."

"வந்திருப்பேன்."

"இஞ்சயே இருந்திருப்ப."

"இருந்திருப்பேன்."

ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். சரியாக வரவில்லை, எடுத்துத் திரும்ப மடித்தாள்.

"அப்பா, சொகமில்லாதவனுக்குப் பங்கு வெச்சா மத்தவனுக்குக் கொறையுமா?"

"கொறையும்."

"எவ்வளவு கொறையும்ண்ணு பாத்திட்டா வெப்பீங்க?"

"பாக்க மாட்டோம்."

"நானும் பாக்கல்ல" என்றாள். "அந்தப் பெல்ட்ட எடுங்க, பெட்டிய கட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி அமுக்கினாள், நான் இழுத்துக் கட்டினேன்.

அவள் போன பிறகு, போன வாரம், கட்டடப் பொறுப்பாளர் என்னைத் தேடி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் மாடியில் லிஜியின் பெயரைத் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"அது என் வேலை" என்றேன்.

போய் எடுத்தேன். துண்டு லேசில் வரவில்லை. அந்தச் சட்டத்தில் நெடுநாள் இருந்த பெயர். நகத்தால் நெம்பி உருவினேன். மற்ற பெயர்களை நெருக்கி வைத்தேன். துண்டைக் காகிதக் குப்பையில் போட்டேன். வாசல் பாயில் மேல்தாள் அழுக்காக இருந்தது, உரித்தேன். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபின் கட்டிய பாத்திரம்தான், இப்போது வேறு யாரோ அளக்கிறார்கள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன்.